வெண்கட்டிக் கோடு

கிண்ணியாப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
ஐஸ் பெட்டிக் கடை வைத்திருக்கும் ரிபாயாவின் சுவரில்
தரையிலிருந்து நூற்றுப் பதினெட்டு சென்ரிமீற்றர்.
அளவுநாடாவின் ஒரு முனையை அவள்தான் பிடித்தாள்.
வெண்கட்டியால் கோட்டைக் கீறியதும் அவள்தான்.
"இவ்வளவுதான். இதுக்கு மேல ஏறல்ல.
கலண்டர் நனையல்ல, பாருங்க."

நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்று
நான் விளக்கத் தொடங்கினேன்.
"அந்த நூறு வருஷம்
எனக்கு ரெண்டு தரம் வந்திட்டு தங்கச்சி.
எனக்கு வயசு நாப்பத்தொண்டு."

எழுதிக்கொண்டேன்:
அகலாங்கு, நெட்டாங்கு, உயரம், சொன்னவர் பெயர்.
சுவர் எண் இருநூற்று ஏழு.

இப்படி நானும் கஜரூபனும்
மூதூரில், சல்லியில், குச்சவெளியில்
நானூற்றுப் பன்னிரண்டு சுவர்கள்.
சுவர் இல்லாத இடத்தில் தென்னையில் அளந்தோம்.
தென்னையும் இல்லாத ஓரிடத்தில்
"தரவு இல்லை" என்று எழுதினோம்.
கணினிக்கு அது வெறும் இடைவெளி.

கம்பனிகளிடமும் கணக்கு உண்டு.
எங்கள் கரையைக் கட்டம் கட்டமாக வெட்டி
ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு விலை.
எப்படி வந்தது என்றால் மொடல் சொல்கிறது என்பார்கள்.
குறி சொல்கிறவள்கூட
சோழியை நம் கண் முன்னால்தான் உருட்டுவாள்.

எங்களுடையதைத் திறந்து வைத்தோம்.
யாரும் எடுக்கலாம், யாரும் பிழை பிடிக்கலாம்.
துறைமுகம் ஆழம், நீர் அங்கே பொங்காது;
தம்பலகாமக் குடா ஆழமில்லை,
காற்று தள்ளிய நீருக்குப் போக்கிடம் ஊர்தான்:
இதைச் சில வரிச் சமன்பாடாக்கி
இரவு இரண்டு மணிக்கு வெளியிட்டேன்.
பரிசாலிலிருந்து, முகம் தெரியாத ஒருத்தி
ஒரு கழித்தல் அடையாளத்தைத் திருத்தி அனுப்பினாள்.
அந்தச் சின்னக் கோட்டுக்குள்
சீனக்குடா முழுவதும்
நனையாமல் கிடந்திருக்கிறது.
அன்றைக்கு நான் தனியாகச் சிரித்தேன்.

கச்சான் காற்று புழுதி அள்ளிய ஆடியில்
ரிபாயாவுக்குக் கடிதம் வந்தது.
காப்புறுதி புதுப்பிக்கப்படமாட்டாது.
அதி ஆபத்து வலயம்.
ஆதாரம்: பொதுவில் உள்ள ஆய்வுத் தரவு.

தொலைபேசியில் அவள் சத்தம் போடவில்லை.
"நான் கீறின கோடா
என்னைக் காட்டிக் குடுத்தது?"

மூடிவிடுவோம் என்றான் கஜரூபன்.
மூடினால் அவர்களுடைய கணக்கு மட்டும் மிஞ்சும்.
நான் அவனிடம் இதைச் சொன்னேன்,
அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.
பஸ் ஏறிப் போனேன்.

ஐஸ் பெட்டியின் மூடிமேல் மடிக்கணினி.
அடியில் பாரை மீன்கள்.
அவள் கட்டத்தைக் காட்டினேன்.
"என்ட தரையை ஒரு முழம் உசத்தினா?"
மாற்றிப் போட்டேன்.
நட்டம் மூன்றில் ஒன்றாய் இறங்கியது.
"இது அவங்களுக்குத் தெரியுமா?"
தெரியாது. அவர்கள் எங்கே என்று பார்த்தார்கள்,
எவ்வளவு உயரம் என்று பார்க்கவில்லை.
நானும்தான் கேட்கவில்லை.
வாசற்படிக்கு என் அட்டவணையில் நிரலே இல்லை.

நிரல் சேர்த்தேன்.
மேன்முறையீடு எழுதினோம், பதில் வரவில்லை.
கல்லும் சீமெந்தும் என்ன விலை என்று
அவள் ஒரு பழைய பில்லின் பின்புறம் கூட்டிக்கொண்டிருந்தாள்.
கூட்டியது பிடிக்கவில்லை, மடித்து வைத்தாள்.

பிறகு திரையை விரலால் தள்ளித் தள்ளி
கீழே போனவள் ஒரு வரியில் நின்றாள்.
"தரவு இல்லையெண்டு போட்டிருக்கு?"
அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை, அளக்க.
"இது உவைஸ்ட வாடி.
ஆள் இப்ப மாஞ்சோலைச்சேனையில.
எவ்வளவு தண்ணி எண்டு அவனுக்குத் தெரியும்,
கூரையில இருந்தவன்."

மீன் செதில் ஒட்டிய விரலால்
அவள் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.