சுவருக்குள்

நேற்றிரவு பத்து மணிக்குப் பிறகு
தண்ணீர் மட்டும்.
ஈசூன் பலதுறை மருந்தகத் திரையில்
என் எண் எரியும்வரை
வயிறு பக்கத்து உணவங்காடியின்
பரோட்டாக் கல்லை மோந்துகொண்டிருந்தது.
இரண்டு குப்பி ரத்தம்.
பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னாள் தாதி ஹிதாயா:
"ரிலாக்ஸ், அங்கிள்."
நாற்பத்தொன்றில் அங்கிள்.

அடுத்த வாரம் டாக்டர் செங்
தாளை என் பக்கம் திருப்பினார்.
எல்.டி.எல். ஆறு புள்ளி எட்டு.
ஒல்லியாகத்தானே இருக்கிறேன் என்று
பெல்ட்டில் ஆணியால் குத்திய
புது ஓட்டையைக் காட்டினேன்.
அவர் சிரிக்கவில்லை.

எனக்குக் கொழுப்பைத் தெரியும்.
பதினாறு வருடமாய் அதுதான் சோறு போடுகிறது.
கடைகள் மூடிய பின்
தரைமூடியை நெம்பித் திறந்தால்
குழியில் மிதக்கும் வெள்ளை ஏடு.
மீ கோரேங் எண்ணெய், பன்றிக் கொழுப்பு, தேங்காய்ப்பால்,
எல்லா இனத்தின் இரவுச் சாப்பாடும்
ஒன்றாய் உறைந்து கிடக்கும்.
உறிஞ்சுகுழாயைச் சொருகினால்
அரை மணியில் காலி.

"அதுபோலத்தானே டாக்டர், அடைப்பு?"

"குழாய்க்குள் இல்லை" என்றார்.
"சுவருக்குள்.
மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர்
உங்கள் கூரையில் ஊறுகிறது.
வண்ணம் உப்பும்வரை தெரிகிறதா?
ஒருநாள் காரை பெயர்ந்து விழும்.
அந்த நிமிடம்தான் அடைப்பு."

என் சமையலறைக் கூரையில்
பழுப்பாய் ஒரு கறை இருக்கிறது.
வீவகவுக்கு இரண்டு முறை எழுதியாயிற்று.

"அப்பா?" என்று கேட்டார்.

அப்பா நாற்பத்தாறில்.
170ஆம் எண் பேருந்தில், ஜோகூர்ப் பாலத்தின் நடுவே.
தூங்குகிறார் என்றே நினைத்தார்களாம்.
மடியில் ஒரு சீப்பு வாழைப்பழம்.
அவரும் ஒல்லி. பீடிகூடத் தொட்டதில்லை.
விதி என்றார் பெரியப்பா,
எல்லோரும் தலையாட்டினோம்.
விதியை ஊசியில் இழுத்து
அளந்து பார்க்கலாம் என்று
அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

இரவுக்கு ஒரு மாத்திரை எழுதினார்.
பேனாவை மூடாமலே கேட்டார்:
"பிள்ளைகள்?"

ஒருத்தி. செவ்வந்தி. ஒன்பது வயது.
ஓட்டப்பந்தயத்தில் இரண்டாவது,
முட்டையில் மஞ்சளை ஒதுக்குபவள்.

"கூட்டி வாருங்கள்."

நாளை சனிக்கிழமை.
அலமாரியைத் திறந்து வைத்து
எந்தச் சட்டை என்கிறாள்.
அரைக்கை போடு என்றேன்.
"ஏன்ப்பா?"

கூரையைப் பார்த்தேன்.
கறை கொஞ்சம்
பெரிதாகியிருக்கிறது.