முழுப்பேர்

அட்டனில் விடியமுன் ரயிலை விட்டு இறங்கும்போது
திலோஜினி இன்னும் ஒட்டகச்சிவிங்கியில்தான் இருந்தாள்.
கழுத்தை நீட்டிக்கொண்டே மேடையில் நடந்தாள்.
சின்னவன் என் தோளில் தூக்கம்,
வாயோரம் நேற்றைய ஐஸ்பழம்.

தீபாவளி முற்பணத்தில் கால்வாசி
தெகிவளை வாசலில் டிக்கட்டாகிப்போனது.
மிச்சத்தில் இரண்டு பலூன், ஒரு பிளாஸ்டிக் முதலை,
அவர் ஆசைப்பட்டு வாங்கிக் குடித்த சிவப்புச் சோடா.
குரங்குக்கு முன்னால்தான் எல்லாரும் அதிக நேரம் நின்றார்கள்.
எங்கள் லயத்துக் கூரையில் தகரம் பிடுங்குகிற அதே குரங்கு.

எனக்குக் கால் நின்றது சிறுத்தைக் கூட்டுக்கு முன்னால்.
பலகையில் மூன்று மொழி.
தமிழில் சிறுதை.
"ஒரு த் விட்டுட்டாங்கம்மா" என்று
விரலால் காற்றில் போட்டுக் காட்டினாள் மகள்.

அதற்குக் கீழே அதன் பேர், வயது,
நாளைக்கு நாலு கிலோ இறைச்சி.
மழை பிடித்துக்கொண்டாலும்,
கொழுந்து காய்ந்த மாசமென்றாலும்
நாலு கிலோ.
"தெனம் முழுப்பேர்" என்றார் அவர்.
சிரித்தோம்.
பக்கத்தில் நின்ற சிங்களக் குடும்பமும்
எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தது.

அது மட்டும் யாரையும் பார்க்கவில்லை.
சீமெந்தில் எட்டு அடி போனது,
திரும்பி எட்டு அடி வந்தது,
நிரை மாறாமல்.

திங்கட்கிழமை, ஏழாம் நம்பர் மலை.
பனி விலகவில்லை.
கானோரச் சேற்றில் என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடம்,
தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது.
போன மாசம் லயத்து நாய் ரொக்சியைத்
தூக்கிக்கொண்டு போனதும் இதுவாகத்தான் இருக்கும்.
கங்காணி விசில் ஊதினார்.
கூடைகளோடு ரோட்டுக்கு ஏறினோம்.
யாரோ தகரம் தட்டினார்கள்,
பட்டாசு கேட்டு ஆள் போனது.
மானாப்புல்லுக்குள் ஏதோ அசைந்தது.
காற்றாகவும் இருக்கலாம்.

பதினொரு மணிக்குத்தான் மறுபடி நிரைக்குள் இறங்கினோம்.
பொழுது சாயத் தராசில் பதினொன்றரைக் கிலோ.
"புலி வந்துருச்சுங்க ஐயா."
"ஏன், கொழுந்தப் புலியா எடுத்துச்சு?"
தலையை நிமிர்த்தாமல் கணக்கப்பிள்ளை
அரைப்பேர் எழுதினார்.

ராத்திரி ரொட்டி தட்டும்போது திலோஜினி கேட்டாள்:
"நம்ம மலைப் புலிக்கு என்னம்மா பேரு?"
பேரில்லை என்றேன்.

கொப்பியை மடியில் வைத்துச் சிறுத்தை என்று எழுதினாள்,
மறுபக்கம் தெரிகிற அளவுக்கு
அந்த த்-ஐ அழுத்தி.
அவர் எழுந்துபோய்க் கதவின் கீழ்க்கொண்டியையும் போட்டார்.
வெளியே ஒரு நாயும் குரைக்கவில்லை.