தற்காலிகம்

புத்தூர் கிழக்கு. படிவம் மூன்று.
சுவர் எதனால் ஆனது என்ற கட்டத்தில்
மண் என்று போட்டால்
வீடு தற்காலிகம் ஆகிவிடும்.
போட்டேன்.

தவபாக்கியம் எட்டிப் பார்த்தா.
"எழுபத்தொண்டில குழைச்ச மண், தம்பி.
தொண்ணூற்றைஞ்சில வந்த சன்னம்
உள்ளுக்கதான் கிடக்கு.
பக்கத்துக் கல்வீட்டுக்கு
இந்தப் பக்கத்தால போய்
அந்தப் பக்கத்தால வந்தது."

இடித்தால்தான் காசு என்றேன்.

"கிணத்தடியில கட்டுங்கோ.
இதை மாட்டுக்கொட்டில் எண்டு எழுதுங்கோ."

எழுதினேன்.

சித்திரையில் மேற்பார்வைக்குப் போனேன்.
அரசாங்க வீட்டுத் தகரத்தின் கீழ்
புகையிலை தொங்கிற்று,
நன்றாக வெந்து.
மாட்டுக்கொட்டிலுக்குள் கூப்பிட்டுத்
தேத்தண்ணி தந்தா.
சட்டை வியர்வை ஆறியது.

சன்னம் எங்கே என்று கேட்டேன்.
சுவரைத் தடவித் தடவிப் பார்த்தா.
எத்தனையோ முறை மெழுகியாயிற்று,
அவவுக்கே இடம் தெரியவில்லை.