தொண்ணூற்றாறு

பொம்மனஹள்ளி, மூன்றாவது மாடி.
லிஃப்ட் வேலை செய்யாத வியாழக்கிழமை.
ஒப்பந்த ஊழியர்களுக்குப் புது அடையாள அட்டை:
மின்தாள். பேட்டரி ஒரு வருஷம் தாங்கும்.
நிறம் இரண்டே. கறுப்பு, வெள்ளை.
ஒரு புள்ளிக்கு ஒரு பிட்.
நடுவில் நிற்க இடமில்லை.

என் மேஜைத் திரைக்கோ
ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் நிறம்.
அதில் நான் பார்ப்பதெல்லாம் எக்செல் கட்டம்.

முதல் அட்டை நாகவேணிக்கு.
ஹவுஸ்கீப்பிங். ஊர் கனகபுரா. பதினோரு வருஷ சர்வீஸ்.
நூற்றிருபத்தெட்டுக்குக் கீழே எதுவானாலும் கறுப்பு
என்று ஒரே வரி எழுதியிருந்தேன்.
வந்தது ஒரு கரித்துண்டு,
இரண்டு வெள்ளைவிழி,
மூக்குத்திக்கு ஒரு பொட்டு.
"யாரு சார் இது?" என்றாள்
தமிழில், எனக்காக.

"ஃபோட்டோவை வெளுத்துடு, முடிஞ்சுது" என்றார் ஷெணாய்.
கை மவுஸ் வரை போனது.
அப்படியே கிடந்தது.

அவள் கன்னத்தின் எண் தொண்ணூற்றாறு.
கறுப்பின் எண் சைபர்.

ராத்திரி பத்துக்கு மேல் வேறு கணக்கு எழுதினேன்.
புள்ளியைக் கறுப்பாக்கு, சரி;
அந்தத் தொண்ணூற்றாறைத் தூக்கி எறியாதே.
பதினாறு பங்கு போடு.
வலப்பக்கத்துக்கு ஏழு வீசம், நாற்பத்திரண்டு.
நேர் கீழே ஐந்து வீசம், முப்பது.
கீழே இடப்பக்கம் மூன்று வீசம், பதினெட்டு.
கீழே வலப்பக்கம் ஒரே வீசம்: ஆறு.
வாய்ப்பாட்டுப் புத்தகத்தோடு
செத்துப்போச்சு என்று நினைத்திருந்த சொல்
சிப்புக்குள் சம்மணமிட்டுச் சில்லறை எண்ணியது.

அடுத்த புள்ளியும் தொண்ணூற்றாறுதான்.
வந்த நாற்பத்திரண்டைச் சேர்த்தால் நூற்று முப்பத்தெட்டு.
கோடு தாண்டியாச்சு. வெள்ளை.
வெள்ளைக்கு இருநூற்றைம்பத்தைந்து வேண்டும்;
நூற்றுப் பதினேழு துண்டு விழுகிறது.
அந்தக் கடனும் அக்கம்பக்கத்து மேல்தான்.
கைமாற்றும் கடனுமாய்
கன்னத்தைக் கடந்து காதோரம் சேர்ந்தார்கள்.
கடைசி வரிசை, வலது மூலைப் புள்ளியின் மீதியை
வாங்கிக்கொள்ள யாருமில்லை.
விட்டுவிடுவதுதான் வழக்கம். விட்டேன்.

வெள்ளிக்கிழமை
அட்டையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள்.
"எறும்பு மொய்ச்ச மாதிரி இருக்கு."
"தள்ளிப் பிடிங்க."
கை நீளம் பத்தவில்லை.
என்னிடம் கொடுத்துவிட்டு நடந்தாள்,
பேன்ட்ரி தாண்டி, தண்ணீர்க் கேன்கள் தாண்டி.
தீயணைப்புக் கதவருகே நின்று திரும்பினாள்.

நான் தூக்கிக் காட்டினேன்.
எதுவும் சொல்லவில்லை அவள்.
முந்தானையால் கன்னத்தை ஒருதரம் துடைத்தாள்,
கண்ணாடி முன் நிற்பவள் மாதிரி.

என் பக்கம் தெரிந்தது
அட்டையின் முதுகு:
ஒரு பார்கோடு,
'ஒப்பந்தம்' என்று ஒரு வார்த்தை.