பீஸ் கமிட்டி

எல்லாத் தெருவுக்கும் ஏணியோடு போகிறவன்
மேலப்பொத்தையில் நான் ஒருத்தன்தான்.
அதனால் செயலாளர் ஆக்கினார்கள்.
வேறு தகுதி என்று ஒன்றும் இல்லை.

ஆனி கடைசி ஞாயிறு கூட்டம்.
வைகாசி பிறந்ததும் நோட்டுப் போட்டுவிடுவேன்:
நாற்காலி இருநூறு. தார்ப்பாய் ஒன்று.
சுக்குக் காப்பிக்குக் கருப்பட்டி ஏழு கிலோ.
மைதீன் மைக் செட், பாதி வாடகை;
மீதி அவன் நன்கொடை, பெயர் போடக் கூடாதாம்.
ஹாரன் இரண்டு:
ஒன்று மேட்டுத்தெருவைப் பார்க்க,
ஒன்று ஓடைத்தெருவைப் பார்க்க.

நோட்டீஸ்தான் வருஷா வருஷம் இழுபறி.
யார் பெயர் முதலில்?
அகர வரிசை என்றோம்.
அருணாசலம் எந்தத் தெரு என்று உடனே கணக்குப் பார்த்தார்கள்.
அம்பாசமுத்திரத்து அச்சகக்காரர் அலுத்துப்போய்
பெயர்களை வட்டமாக அடித்துக் கொடுத்தார், கடிகாரம் மாதிரி.
பன்னிரண்டு மணி இடத்தில் யார் என்று
நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது ஊர்.

அனுமதிக்குப் போனால் புது எஸ்.ஐ. கேட்கிறார்:
"பிரச்சினையே இல்லையே, பிறகென்ன சமாதானக் கூட்டம்?"
"இல்லாததுனாலதான் சார் நடத்த முடியுது."
அவர் சிரிக்கவில்லை. முத்திரை குத்தினார்.

முதல் வருஷம் நாற்காலிகளுக்கு நடுவே
ஒரு லாரி போயிருக்கலாம்.
காப்பி அண்டா நிறைந்தபடியே வீடு திரும்பியது.
நாலாம் வருஷம் சாரல் வலுத்து
இரண்டு தார்ப்பாயில் ஒன்று கிழிந்தது.
மிச்சத்தின் கீழ் எல்லோரும் நுழைந்தார்கள்,
முட்டி இடிக்க, குடைக்கம்பி கண்ணைக் குத்த.
ஒற்றுமை என்று எழுதினார் பத்திரிகைக்காரர்.
நனையக் கூடாது, அவ்வளவுதான்.
இருந்தாலும் அடுத்த வருஷத்திலிருந்து
ஒரு தார்ப்பாய்தான் எடுக்கிறேன்.

எங்கள் ஊர் வாயில் சமாதானமும் பீஸ்,
கம்பத்தில் கருகிப் போவதும் பீஸ்.
"பீஸ்காரர் வாராரு" என்று பிள்ளைகள் கத்தினால்
எதைச் சொல்கிறார்கள் என்று
எனக்கே தெரிவதில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால்,
கொடை முடிந்த மூணாம் ராத்திரி,
ஒரு போன்.
ஓடைத்தெரு டிரான்ஸ்பார்மர்ல பொறி பறக்கு,
அரை மணி நேரம் அமத்தி வையும்.
தெரிந்த குரல்.
பொறி எதையும் நான் பார்க்கவில்லை.
பார்க்கவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டேதான்
பீஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டேன்.
பீங்கான் நெஞ்சில் சுட்டது.
அந்த இருட்டில்தான் சங்கிலிக்கு வலது கை போனது.
நாலு வீடு எரிந்த வெளிச்சத்தில்தான்
திரும்ப மாட்டும் இடம் எனக்குத் தெரிந்தது.

ஒவ்வொரு கூட்டத்திலும் மைக்கைத் தட்டுவேன்.
இந்த வருஷம் சொல்லிவிடுவது.
தொண்டையைச் செருமி,
நாற்காலி தந்தவருக்கு, கருப்பட்டி தந்தவருக்கு,
பெயர் சொல்ல விரும்பாத ஒருவருக்கு
நன்றி கூறி இறங்குவேன்.

இன்றைக்கும் இறங்கிவிட்டேன்.
கூட்டம் கலைந்து
பத்துப் பத்தாக நாற்காலி அடுக்குகிறேன்.
மேகம் மலையை விட்டு இறங்கி
ரேஷன் கடை வரை வந்துவிட்டது.
பேராச்சி வந்தாள், சங்கிலி பெண்டாட்டி.
கையில் பீடியிலை மணம்.
அவளும் ஒரு நாற்காலியைத் தூக்கி அடுக்கினாள்.
பிறகு பஸ் நேரம் கேட்கிற மாதிரி கேட்டாள்:
"அன்னைக்குக் கரண்டு எத்தன மணிக்குப் போச்சு, அண்ணாச்சி?"

"போகல தாயி.
நான் எடுத்தேன்.
ஒம்பது இருவது."

அவள் இன்னொரு நாற்காலியை எடுத்தாள்,
அடுக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.
"ஒம்பதரைன்னுல்லா நெனச்சிட்டிருந்தோம்," என்றாள்.
"அப்போ பத்து நிமிஷம்
அவுக இருட்டுலதான் நின்னிருக்காவ."

பின்னால்
ஒயரைப் பாதி சுருட்டிய கையோடு மைதீன்:
"அண்ணாச்சி,
சுருட்டவா, வேண்டாமா?"