ரொட்டியின் முதுகு

தொடரின் கடைசியில்
எழுத்துகள் தலைதெறிக்க ஓடும் இடத்தில்
என் பெயர் வரும். யாரும் படித்ததில்லை.
தட்டு, கரண்டி, துப்பாக்கி,
சோளப்பாகில் காய்ச்சிய ரத்தம்:
இவை என் பொறுப்பு.
ஒவ்வொன்றுக்கும் ரசீது வைத்திருக்கிறேன்.

ஐந்தாம் அத்தியாயத்தின் விருந்துக் காட்சிக்கு
கலாபிரியாவில் ஒரு வீடு பிடித்தோம்,
நாளொன்றுக்கு முந்நூறு யூரோ.
ஜன்னலைத் திறந்தால் நீரிணை,
எதிர்க்கரையில் சிசிலியின் விளக்குகள்.
வீட்டுக்காரி பெயர் ஃபோர்த்துனாத்தா.
வாடகையை நின்றபடியே எண்ணினாள்,
இருமுறை, உதடு அசையாமல்.

கதை இதுதான்:
நான்கு அண்ணன் தம்பிகள், ஒரு துறைமுகம்,
வாழைப்பழப் பெட்டிக்குள் வரும் வெள்ளைத் தூள்.
கடைக்குட்டி போலீஸிடம் வாய் திறந்துவிட்டான்.
நாளை அவனைக் கொல்வார்கள்.
இன்றிரவு ஒன்றாய்ச் சாப்பிடுகிறார்கள்.

இயக்குநர் தூல்லியோ மிலானோக்காரர்.
விளக்கைக் குறைத்தார். ஒருவரும் பேசக் கூடாது,
முட்கரண்டிச் சத்தம் மட்டும் என்றார்.
கதவோரம் நின்றவள் சிரித்தாள்.
சிரிப்பு என்று எழுதுகிறேன்,
வேறு சொல் அகப்படவில்லை.

"அன்றைக்குத்தான் நிறையப் பேசுவார்கள்.
வாள்மீன் என்ன விலை, யார் கோல் போட்டது,
பல் டாக்டர் எவ்வளவு பிடுங்கினார்.
முதல் கரண்டி அவனுக்கு.
இரண்டாம் தடவையும் அவனைத்தான் கேட்பார்கள்.
போதும் என்றால் விடமாட்டார்கள்."

பிறகு மேசையருகே வந்து
நான் வைத்திருந்த ரொட்டியை
(பதினான்காம் பொருள், இரண்டு யூரோ நாற்பது)
எடுத்துக் கவிழ்த்தாள்.
மாவு ஒட்டிய அடிப்புறம் மேலே.
மூத்தவன் தட்டருகே வைத்து
ஒற்றை விரலால் மெல்லத் தள்ளினாள்
கடைக்குட்டியின் பக்கமாக.

ஏன் என்றார் தூல்லியோ.
"பரிமாறுகிறவளுக்குத் தெரியும்."
அவர் கைதட்டினார்.
ரொட்டிக்கென்றே ஒரு குளோஸ்-அப் எடுத்தார்.

மறுநாள் பெர்கமோட் தோப்பில் கொலை.
நடிகன் இவானோ ஒன்பது முறை செத்தான்.
ஒவ்வொரு முறையும் எழுந்து
பாகைத் துடைத்துக்கொண்டு காப்பி கேட்டான்.
அவள் மாடியிலிருந்து பார்த்தபடி இருந்தாள்.
ஒன்பதாம் முறை எழுந்தபோது
இறங்கி வந்து அவன் காலரைச் சரிசெய்து
"சளி பிடிக்கும், தெமெத்ரியோ" என்றாள்.

தொடரில் அந்தப் பெயரில்
யாரும் இல்லை.

நவம்பரில் ஒளிபரப்பு.
விமர்சகர்கள் ரொட்டியைப் பற்றியே எழுதினார்கள்,
படிமம், குறியீடு, இன்னும் என்னென்னவோ.
நான் தூரினில் என் அறையில் பார்த்தேன்.
அவர்களும் பார்த்திருப்பார்கள்,
அந்த மேசையில் நிஜமாகவே உட்கார்ந்தவர்களில்
மிச்சமிருப்பவர்கள்,
சோபாவில் கால் நீட்டி, ஆரஞ்சு உரித்தபடி.
நாலு சுவருக்குள் நடந்தது
நாடு முழுக்க முதுகு காட்டிக் கிடந்தது.
சொன்னது யார் என்று
அவர்கள் யோசிக்கவே வேண்டியிருக்காது.

இரண்டாம் பருவத்துக்கும்
அதே வீட்டைக் கேட்கப் போனேன்.
மணியடிக்கக் குனிந்தபோது கண்டேன்,
வாசற்படியில் ஒரு ரொட்டி, கவிழ்ந்து.

"மூன்றாவது," என்றாள் கதவைத் திறந்தவள்.
"செவ்வாய்க்கிழமைகளில் வருகிறது."
எடுத்தாள். நிமிர்த்தினாள். மாவை ஊதினாள்.
மார்போடு அணைத்து அறுத்து
எனக்கொரு துண்டு நீட்டினாள்.
நல்ல ரொட்டி. உள்ளே இன்னும் சூடு இருந்தது.
அப்படியென்றால் வைத்துவிட்டுப் போனவன்
தெருமுனையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டான்.
நான் திரும்பிப் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை.

"வாடகை இனி நானூறு," என்றாள் மென்றுகொண்டே.
"முழுப் பணமும்
இன்றைக்கே வேண்டும்."