எந்தக் காது

முப்பத்து நாலு பருவம்
செம்மறிகளுக்கு ரோமம் கத்தரித்தேன்.
தலைக்கு மேலே மோட்டார், முழங்கால்களுக்கு நடுவே ஆடு.
நாளுக்கு முன்னூறு என்பது என் கணக்கு.
எண்ணிக்கை சொல்லும் பையன் கத்துவான்;
அவன் வாய் அசைவதை வைத்து நான் எண்ணிக்கொள்வேன்.
அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

இழப்பீட்டு அலுவலகம் கடிதம் போட்டது.
உங்கள் காது கேளாமையில்
கொட்டகையின் பங்கு இவ்வளவு, வயதின் பங்கு இவ்வளவு.
கொட்டகையின் பங்கு
உதவிக்கான கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே.
கம்பளிக்காரனிடம் வந்து
மயிரிழை என்கிறார்கள்.

வரைபடம் ஒன்றும் இணைத்திருந்தார்கள்.
இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும் கோடு,
ஹோக்கோனுயிக் குன்று மதாவுரா ஆற்றுக்கு இறங்குவதைப் போல.
அதில் எந்த இடத்தில் வேலை முடிந்து
வயது தொடங்குகிறது என்று
நைரி விரல் வைத்துத் தேடினாள்.
"இந்த வயதும் அந்தக் கொட்டகையில்தானே ஆயிற்று?"
அதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.

மேல்முறையீட்டுக்கு ஒரு தொலைபேசி எண்.
ஆமாம், தொலைபேசி.
ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு குரல்
சொல்லியிருக்கும்.
நான் எதையோ அழுத்தினேன்.
இருபது நிமிடம் பியானோ வாசித்தார்களாம்.
நன்றாகத்தான் இருந்தது என்றாள் நைரி.

கடைசியில் மானியம்.
அது ஏன் கேட்கவில்லை, எப்படிக் கேட்காமல் போயிற்று என்று
விசாரிப்பதில்லை.
காதுக்கு இவ்வளவு, ஆறு வருடத்துக்கு ஒருமுறை.
குறை சொல்ல மாட்டேன். வந்தது வந்ததுதான்.
ஆனால் கருவியின் விலை ஒரு கதவின் உயரம் என்றால்
மானியம் கீழ்க் கீல் வரைக்கும்.
மேலே உள்ளதை நாங்கள் எட்ட வேண்டும்;
எட்டிப் பார்த்ததில்
இந்த வருடம் ஒரு காதுக்குத்தான் கை போயிற்று.

கோர் நகரத்தில் சோதித்த பெண், ரோவீனா,
என் முகத்தைப் பார்த்தே பேசினாள்.
இரண்டும் இருந்தால் நல்லது.
ஒன்றுதான் என்றால்,
எந்தக் காது?

வலது: கட்டிலில் நைரி படுக்கும் பக்கம்.
இடது: வண்டியில் நைரி உட்காரும் பக்கம்.

சமையலறை மேசையில் இரண்டு நாள் ஓடியது அந்தப் பேச்சு.
பேச்சு என்பதைவிடக் கூச்சல்,
ஏனென்றால் ஒரு தரப்பு நான்.
"கட்டிலில் சொல்ல வேண்டியதை எல்லாம்
சொல்லி முடித்தாயிற்று. மிச்சம் குறட்டை.
அதைக் கேட்கவா அரசாங்கம் பணம் தருகிறது?"
வண்டியில் மட்டும் என்ன?
"வண்டியில் நீ எழுந்து போக முடியாது."
பெர்த்திலிருந்து மகள் செய்தி அனுப்பினாள்:
அப்பா, இனிமேல் ஒரு காதில் வாங்கினால்
மறு காதில் விட முடியாது, பார்த்துக்கொள்.

இடது.

பீன்ஸ் விதை அளவு, காதுமடலுக்குப் பின்னால்.
ரசீதை மடித்தேன்;
சுள்ளி எரிவது போல ஒரு சத்தம். திடுக்கிட்டு மறுபடி விரித்தேன்.
வாகன நிறுத்தத்தில் யாரோ ஒரு குழந்தை
தன் காலணிகளைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருந்தது.
முழுப் புகாரும் எனக்குக் கேட்டது.

மதாவுராவுக்குப் போகும் நேர்ச்சாலை.
டிக். டிக். டிக்.
என்ஜினா? கருவி அதற்குள் பழுதா?
எதற்குப் போட்டோம் இத்தனை பணம்?
நைரி விரலால் காட்டினாள்.
இண்டிகேட்டர்.
திருப்பமே இல்லாத சாலையில்
இடப்பக்கம் திரும்பப்போவதாக
பின்னால் வருகிற பால் லாரிக்கெல்லாம்
வாக்குக் கொடுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

"எத்தனை நாளாக?"
"வருடமாக," என்றாள். "சொல்லிக்கொண்டேதான் வந்தேன்."

அணைக்கவில்லை.
அடுத்த இடப்புறத் திருப்பம் வரும்வரை
அதைக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.
வந்ததும் திரும்பினேன்.
எங்கள் வீடு அந்தப் பக்கம் இல்லை.